பனைக்கு வளையம் இல்லை

கொடிகாமத்தில் தறித்த பனங்குற்றி ஒன்றைக் கண்டால் வெட்டுமுகத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். வெளியோரத்தில் கறுத்த நார்ப்புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும். நடுவுக்குப் போகப்போக ஐதாகிச் சோறுபோல் வெளிறும். வளையம் மட்டும் இராது. பனையும் தென்னையும் ஒருவித்திலைத் தாவரங்கள். ஆண்டுக்காண்டு சுற்றிச் சுற்றிப் பருக்கும் மரங்களல்ல. தீராந்திக்கும் சலாகைக்கும் வைரம் தரும் பனை, தான் கண்ட மழையை மட்டும் சொல்லாது. அழுத்தக்காரி!

தேக்கு அப்படியல்ல. வளர்பருவத் தொடக்கத்தில் பெரிய குழாய்களும், பிறகு சிறியனவுமாக மரம் விளைவதால் ஆண்டெல்லை கண்ணுக்கே தெரியும். மழை பொய்த்த ஆண்டில் வளையம் ஒடுங்கும். புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் கேரளத் தேக்குகளின் வளைய அகலங்களை ஒன்றோடொன்று பொருத்தி, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுத் தொடரைக் கோத்தார்கள். எல் நினோவோடு வந்த பருவமழை வறட்சிகள் அதில் ஒடுங்கிய கோடுகளாகத் தெரிகின்றன.

ஒரு மரத்தை மட்டும் நம்புவதில்லை என்பதுதான் வளையம் படிக்கும் இக்கலையில் எனக்குப் பிடித்தது. பூச்சியாலோ பக்கத்து மர நிழலாலோ ஒன்று இளைத்திருக்கலாம். பல மரங்கள் ஒரே ஆண்டில் இளைத்தால்தான் அது வானத்தின் குற்றம். அதற்காக மரத்தைத் தறிக்கவும் வேண்டாம். உள்ளீடற்ற துளைகருவியால் பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவியெடுத்தால் போதும்.

நம் தென்னையிலும் ஓலை கழன்ற தழும்புகள் வளையமாய் நிற்கின்றன. அவை ஆண்டுக்கணக்கல்ல, ஓலைக்கணக்கு. ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டுக்குக் கிட்ட.