குரலுக்குச் சொந்தக்காரிகள்

தமிழ்ப் பேசும்படத்தின் முதல் பத்தாண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேலியோடுதான் தொடங்குவார்கள். படத்துக்கு ஐம்பது பாட்டு, நகராத கேமரா, எட்டுக்கட்டையில் எட்டிப் பாடும் நாயகி. கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நடிப்பவரே பாடியாக வேண்டும் என்ற அந்த ஏற்பாடு நடிகைகளுக்கு எதைக் கொடுத்தது, எதை மறுத்தது என்ற கணக்கை யாரும் நிதானமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்ப்பதற்குத் தாமிரபரணிக் கரையிலிருந்து போன ஒருவரின் திரைவாழ்வு நல்ல சான்று. ஸ்ரீவைகுண்டம் எஸ்.டி. சுப்புலட்சுமி 1934இல் 'பவளக்கொடி' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு அறிமுகமானார். 1939இல் 'தியாகபூமி'யின் சாவித்திரி ஆனார். இடையில் ஐந்தே ஆண்டு. சொந்தக் குரல் அவரைப் போன்றவர்களுக்குப் பேரம் பேசும் வலுவைக் கொடுத்தது. அந்தக் குரல் எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைக் கொடுக்கவில்லை என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

நடிப்பவரே பாடும் இந்த வழக்கம் சினிமாவில் பிறந்ததல்ல. அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் தென்மாவட்ட மேடைகளை நெடுங்காலம் ஆண்டன. பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன் எல்லாம் பாட்டிலே நடக்கும் கதைகள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவனுக்கும் கேட்க வேண்டுமென்றால் ஆர்மோனியத்துக்கு மேலே குரல் எழும்ப வேண்டும். தர்க்கப் பாட்டில் எதிராளியை மடக்கத் தெரியாத நடிகைக்கு அடுத்த ஊரில் மேடை கிடைக்காது. பாகவதரும் சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த அந்தப் 'பவளக்கொடி'யைத்தான் கே. சுப்ரமணியம் தம் முதல் படமாக எடுத்தார். மேடையின் சட்டதிட்டமும் கூடவே படத்துக்குள் வந்தது. பாபநாசம் சிவன் எழுதிய பாடல்கள் சுமார் ஐம்பது.

இதன் பலத்தை முதலில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுதான் அதிகம் மறக்கப்பட்டிருக்கிறது. குரல் முதன்மையாக இருந்தவரை வயதும் தோற்றமும் ஏன், ஆண் பெண் என்ற வேறுபாடும் கூட இரண்டாம்பட்சமாகவே இருந்தன. 1936இல் வந்த 'பக்த குசேலா'வில் சுப்புலட்சுமி குசேலரின் மனைவியாகவும் நடித்தார், கிருஷ்ணனாகவும் நடித்தார். கே.பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராக வந்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி'யில் (1941) நாரதரானார். ஜனங்கள் இதையெல்லாம் விநோதமாகப் பார்க்கவில்லை, பாட்டைக் கேட்கப் போனார்கள். முகத்துக்குக் கொடுக்கப்படும் சம்பளம் முகம் வாடும்போது வாடிவிடும். குரலுக்குக் கொடுத்தது அப்படியல்ல. நாற்பதைத் தாண்டிய சுந்தராம்பாள் 1953இல் ஔவையாராக நடித்தபோதும் விலை இறங்கவில்லை. தயாரிப்பாளர் வேறொரு முகத்தைத் தேடிக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு வேறு ஆள் இல்லை. இன்றைய கதாநாயகிகளில் எத்தனை பேருக்கு இப்படி மாற்று இல்லாத நிலை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அன்றைய ஏற்பாட்டைக் கேலி செய்ய வாய் வராது.

குறைகள் இல்லையா? நிறைய. குசேலர் மனைவியும் கிருஷ்ணனும் ஒரே குரலில் பாடும்போது பாட்டு பாத்திரத்தினுடையதாக இல்லாமல் பாடகியினுடையதாகிவிடுகிறது. வறுமையில் வாடும் பெண்ணும் துவாரகையின் அரசனும் ஒரே கச்சேரியின் இரண்டு உருப்படிகள் ஆகிறார்கள். வெயில் வெளிச்சத்தில், திறந்தவெளியில், பாடும்போதே ஒலிப்பதிவும் நடந்த காலம் அது. வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். நடிகை மைக்கை விட்டு விலக முடியாது. காக்கை கரைந்தால் காட்சி வீண். அப்படி நிற்கிற உடம்பில் நடிப்பை எதிர்பார்ப்பது நியாயமல்ல. இவற்றைவிடப் பெரிய குறை வாசலிலேயே இருந்தது. பாடத் தெரியாத பெண்ணுக்கு உள்ளே இடமில்லை. சிறுவயதிலிருந்தே பாட்டு கற்கும் வாய்ப்பு சில குடும்பங்களின் பெண்களுக்குத்தான் இருந்தது. அவர்களுக்கு இந்த வழக்கம் ஊரறிந்த வருமானம் தரும் தொழிலைத் திறந்துவிட்டது. மற்றவர்களுக்கு அதே கதவைச் சாத்தியது.

அப்போது வேறு தொழில்நுட்பம் இல்லை, வழியில்லாமல் பாடினார்கள், இதில் பலம் என்ன பலவீனம் என்ன என்று ஒருவர் கேட்கலாம். பாதிதான் சரி. 1938இல் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடி, பின்னணி பாடும் முறை தமிழுக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் பாகவதரும் டி.ஆர். ராஜகுமாரியும் தாங்களே பாடித்தான் நடித்தார்கள். பின்னணி பாடுவதற்குத் தொழில்நுட்ப வசதி மட்டும் காரணமில்லை என்பதற்கு 'தியாகபூமி'யே சாட்சி. அதில் டி.கே. பட்டம்மாள் தேசபக்திப் பாடல் பாடினார். திரையில் அவர் தோன்றவில்லை. பக்தியும் தேசமும் தவிர வேறு வகைப் பாட்டைப் பாடுவதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. கௌரவமான குடும்பத்துப் பெண் முகம் காட்டாமல் சினிமாவில் பாட ஒரு வழி பிறந்துவிட்டது. அதே படத்தில் முகத்தையும் குரலையும் சேர்த்தே ஊர் முன்னால் வைத்தவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். பழிச்சொல் ஏதும் வந்தால் அதைத் தாங்க வேண்டியவரும் அவர்தான். பின்னணிப் பாட்டின் தொடக்கத்தில் இந்த மானக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இதற்கு நேர் எதிரான சான்றும் இதே தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்திலுள்ள காருகுறிச்சியைச் சேர்ந்த அருணாசலம் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு நாகஸ்வரம் வாசித்தார். திரையில் நாகஸ்வரத்தோடு இருந்தது ஜெமினி கணேசன், பாடுவதாக இருந்தது நடிகை சாவித்திரி. ஒலித்தது அருணாசலத்தின் வாத்தியமும் எஸ். ஜானகியின் குரலும். உருவத்தையும் ஓசையையும் பிரிப்பது கலைஞரை மறைத்துவிடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டைக் கேட்டு ஜெமினி கணேசனின் வாசிப்பைப் புகழ்ந்தவர் எவரும் இல்லை. கதாநாயகனாக ஒருபோதும் அழைக்கப்பட்டிருக்க முடியாத ஒரு நாகஸ்வரக் கலைஞரைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடைக்கும் கொண்டு சேர்த்தது இந்தப் பிரிவினைதான். ஆகவே சொந்தக் குரலின் காலத்தைப் பொற்காலம் என்று ஏக்கத்தோடு பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாவித்திரியும் பத்மினியும் பாட வேண்டியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்கள்.

அப்படியானால் இழப்பு எங்கே? 'தியாகபூமி'யைக் கொண்டே சொல்லலாம். கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி பின்னால் செல்வச் சீமாட்டி உமாராணியாகத் திரும்பி வருகிறாள். சேர்ந்து வாழச் சொல்லிக் கணவன் வழக்குப் போடுகிறான். நீதிமன்றத்தில் நின்று மறுக்கிறாள். வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். 1939இல் ஒரு தமிழ்ப்பெண் திரையில் இதைச் சொன்னது சாதாரணமல்ல. கவனிக்க வேண்டியது, சுப்புலட்சுமியின் வாழ்க்கையிலேயே வலுவான இந்தக் கட்டம் பாட்டாக இல்லை, பேச்சாக இருக்கிறது. அந்தப் பேச்சு எழுத்தாளர் கல்கியின் பேனாவில் பிறந்து கே. சுப்ரமணியத்தின் இயக்கத்தில் உருவானது. படப்பிடிப்புப் புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் கதை தொடராக வந்தபோது வாசகர்கள் சாவித்திரிக்கு சுப்புலட்சுமியின் முகத்தைப் பொருத்தியே படித்தார்கள். முகமும் குரலும் அவருடையவை, சொல் அவருடையதல்ல. பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்த பிறகு 'தியாகபூமி' என்றதும் எல்லோரும் கல்கியைச் சொன்னார்கள், சுப்ரமணியத்தைச் சொன்னார்கள். சாவித்திரியாக நின்றவரின் பெயர் நடிகர் பட்டியலோடு நின்றுபோனது.

சொல்லையும் தம் வசம் வைத்துக்கொண்டவர்களின் வரலாறு வேறு விதமாகப் போயிற்று. திருவையாற்று டி.பி. ராஜலட்சுமி 1931இல் 'காளிதாஸ்' படத்தில் பாடி நடித்தவர். 'கமலவல்லி' என்று நாவல் எழுதினார். அதையே 1936இல் 'மிஸ் கமலா'வாகத் தயாரித்து, இயக்கி, நடித்தார். பி. பானுமதி பின்னணிக் குரல் கொடிகட்டிப் பறந்த காலத்திலும் தம் பாட்டைத் தாமே பாடினார், 1953இல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கினார், தெலுங்கில் மாமியாரை வைத்து நகைச்சுவைக் கதைகள் எழுதிப் பரிசு பெற்றார், கணவரோடு பரணி ஸ்டூடியோவை நடத்தினார். விதிவிலக்குகளைக் காட்டி விதியைக் குறை சொல்லலாமா என்ற கேள்வி இங்கே எழும். இவர்கள் விதிவிலக்கானதே அந்த வழக்கத்தின் குறையைக் காட்டுகிறது. கேள்வி ஞானத்துக்கும் தொண்டைக்கும் மட்டும் கூலி கொடுத்த ஏற்பாடு, அந்தப் பெண்கள் பேனா பிடிக்கவும் வேண்டும் என்று எதிர்பார்க்கவே இல்லை. பின்னணிப் பாட்டு வந்ததும் தொண்டைக்கான கூலியும் வேறு ஒருவருக்குப் போனது. நடிகையிடம் மிஞ்சியது முகம்.

சுப்புலட்சுமியின் 'தியாகபூமி' புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தன் ஊர்ப் புலவர் குமரகுருபரருக்கு ஸ்ரீவைகுண்டம் கொடுக்கிற மரியாதையில் கொஞ்சத்தை இவருக்கும் கொடுக்கலாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றோ காப்பகத்துக்கு எழுதி, அந்தப் படத்தைத் திருநெல்வேலியில் ஒருமுறை திரையிட ஏற்பாடு செய்ய வேண்டும்.