ஓவியம் பற்றி வாதிட ஒரு வகுப்பறை

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துச் சேவுகம்பட்டியிலிருந்து ஒரு பிள்ளை நவீன ஓவியம் படிக்கக் கிளம்பினால் அரசுக் கவின் கலைக் கல்லூரி என்று இருப்பவை சென்னை எழும்பூரும் கும்பகோணமும்தான். எழும்பூரில் எம்.எஃப்.ஏ. வரை படிக்கலாம். கையும் கண்ணும் அங்கே நன்றாகத் தேறும். ஆனால் ஒரு படைப்பு ஏன் கலையாகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று வாதிடப் பழக்கும் படிப்புக்கு ஸ்டெல்லா மாரிஸ், பரோடா, தில்லி ஜே.என்.யு. என்று போகவேண்டும். எங்கும் ஆங்கிலம். தமிழில் சிந்திக்கும் மாணவர் வரையக் கற்றுக்கொண்டு, தன் படைப்பைப் பற்றிப் பேசும் உரிமையை அடுத்தவரிடம் விட்டுவிட நேர்கிறது. இது சின்ன இழப்பில்லை.

வாதிடுவதற்கு விஷயம் இல்லாமலா? எழும்பூர்க் கல்லூரியின் வரலாறே ஒரு வாதம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் அதைத் தொடங்கியபோது அதன் நோக்கம் கைத்தொழில். இன்றும் ஓவியம், சிற்பத்தோடு மண்கலமும் நெசவும் அங்கே துறைகள். 1957 முதல் பத்தாண்டு முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், மேற்கத்திய பாணியைப் பின்பற்றாமல் நவீனமாக இருப்பது எப்படி என்ற கேள்வியை மாணவர் முன் வைத்தார். 1963இல் தொடங்கிய அவரது ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பாருங்கள்: ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, பொடி எழுத்தில் வரி வரியாக ஏதோ எழுதியிருக்கும். படிக்கப் போனால் படிக்க முடியாது. எழுத்து அங்கே பொருளை உதறிவிட்டுக் கோடாக நிற்கிறது. இது மரபின் தொடர்ச்சியா, மரபை அலங்காரமாக்கிய வித்தையா? இரண்டு தரப்பும் உண்டு. நான் முதல் தரப்பு.

1966இல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசு அதற்குக் கைகொடுத்தது. மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய அந்த ஓவியர்கள் கலைஞர்கள். எங்கள் பக்கம் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர் மட்டும் ஏன் தொழிலாளி? கையெழுத்துப் போடுவதாலா, கண்காட்சியாலா, சாதியாலா? முதுகலை வகுப்பு ஒரு பருவம் முழுக்க இந்த ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டலாம்.

ஓவிய விமர்சனம் கல்லூரிக்கு வெளியே, வேறு இடங்களில் நடந்தது. சென்னை ஓவியர்களைப் பற்றி ஆழமாக எழுதிய ஜோசப் ஜேம்ஸ் பொருளியல் பேராசிரியர்; எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் அந்தப் பாரத்தைச் சிற்றிதழ்கள் சுமந்தன. 1970இல் வந்த ‘கசடதபற’ போன்ற இதழ்களில் நவீன ஓவியர்களின் கோடுகள் கவிதையோடு சரிக்குச் சமமாக நின்றன. கும்பகோணத்தில் வங்கி வேலை பார்த்துக்கொண்டே தேனுகா, டச்சு ஓவியர் மோந்திரியானைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கலை விமர்சகர் இந்திரன் தொடர்ந்து எழுதினார். சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973இல் மறைந்த ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றி சி. மோகன் நாவலே எழுதினார். சேவுகம்பட்டிக்குப் பக்கத்து வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, இலக்கிய விமர்சனத்துக்குத் தமிழில் ஒரு கறாரான மொழியை உண்டாக்கினார். ஓவியத்துக்கென்று அப்படி விடாப்பிடியாக ஓர் இதழ் நிலைத்திருந்தால் இன்று பாடத்திட்டத்துக்கு அஸ்திவாரம் இருந்திருக்கும்.

இன்றைய படைப்புகளோ காத்திருக்கவில்லை. வாடிப்பட்டிக்காரரான ஒளிப்படக் கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரன் எந்தக் கலைக் கல்லூரிக்கும் போகாதவர். தன் சொந்த வீட்டையும் குடும்பத்தையும் எடுத்த படங்களில், ஒரு தலித் குடும்பத்தை வெளியிலிருந்து பரிதாபமாகப் பார்க்கும் பழைய பார்வையை உடைக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோணல் கோடுகளுடன் கட்டடக்கலை வரைபடத்தையும் தன் ஓவியத்தையும் சேர்த்து 2011இல் நூலாக்கினார். நிலப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்கு வைத்தார். அடுக்களை எந்தப் பக்கம், கிணறு எங்கே என்று ஒருவர் போட்ட கோடு ஆவணமா, ஓவியமா, அதன் ஆசிரியர் யார்? வாடிப்பட்டி வீட்டையும் யாழ்ப்பாண வீடுகளையும் ஒரே மேசையில் பரப்பி, இந்தக் கேள்விகளை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் தமிழிலேயே கேட்கவேண்டும். ஆய்வேட்டையும் தமிழிலேயே எழுதவிடவேண்டும்.