காது மடல், கட்டைவிரல், கால் பெருவிரல்

யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தைப் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். நூலும் நிறமும் கல்லும் அளவுமாக நீளும் உடைப் பட்டியல்தானே என்று தோன்றிவிடுகிறது. எனக்கோ நின்று நின்று வாசிக்க வேண்டிய இடம் அது. ஆசாரியன் யார் என்பதை வேதாகமம் அங்கே விளக்கிச் சொல்வதில்லை. ஆரோன் என்ற ஒரு மனிதனுக்கு உடுத்திக் காட்டுகிறது.

ஏபோத் என்னும் ஆசாரிய மேலாடையின் இரு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள். கல்லுக்கு ஆறாக, இஸ்ரவேலின் பன்னிரண்டு புத்திரர் பெயர்களும் பிறந்த வரிசைப்படி வெட்டப்பட்டிருக்கும். அதே பெயர்கள் மறுபடியும் மார்பில் வருகின்றன. ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமுமாக, இரட்டையாய் மடித்த சதுரப் பதக்கம். நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று கல். தோளில் ஒரே இனக் கல்லில் கூட்டமாக இருந்தவர்கள், மார்புக்கு வந்ததும் பத்மராகம், மரகதம், இந்திரநீலம் என்று ஆளுக்கொரு கல்லாகப் பிரிகிறார்கள். சுமக்கையில் எல்லோரும் சேர்ந்து ஒரே பாரம். நெஞ்சருகே வருகையில் ரூபன் வேறு, பென்யமீன் வேறு. அந்தப் பதக்கம் ஏபோத்தை விட்டு விலகாதபடி அதன் வளையங்களை இளநீல நாடாவால் கட்டச் சொல்கிறது கட்டளை. ஆசாரியன் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒரு பெயரும் நெஞ்சை விட்டு நழுவக்கூடாது. ஒரு நாடாவில் இவ்வளவு அக்கறையா என்று ஒவ்வொரு முறையும் மனம் அங்கே தங்கிவிடுகிறது.

அங்கியின் கழுத்தும் அப்படித்தான். கிழிந்துபோகாமல் இருக்க அதைச் சுற்றி நெய்யப்பட்ட விளிம்பு வேண்டும். பிரதான ஆசாரியன் பாகையைக் கழற்றலாகாது, வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்ளலாகாது என்கிறது லேவியராகமம் 21ஆம் அதிகாரம். தகப்பனோ தாயோ இறந்தாலும் பிணத்தருகே போய்த் தீட்டுப்படக்கூடாதாம்.

இனி 13ஆம் அதிகாரத்துக் குஷ்டரோகியைப் பாருங்கள். (பலவகைத் தோல்நோய்களை அங்கே இந்த ஒரே பெயர் குறிக்கிறது.) அவன் வஸ்திரம் கிழிந்திருக்க வேண்டும், தலை மூடாதிருக்க வேண்டும். தான் தீட்டு என்று தானே கூவிக்கொண்டு, பாளயத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும். ஆசாரியனுக்கு விலக்கப்பட்டதெல்லாம் இவனுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஜனத்தில் இவ்விருவரையும்விடத் தொலைவில் நிற்கும் இரண்டு பேரைக் காட்ட முடியாது.

ஆரோனைப் பிரதிஷ்டை செய்த நாளில் மோசே ஆட்டுக்கடாவின் இரத்தத்தை எடுத்து அவனுடைய வலது காது மடலிலும், வலது கைக் கட்டைவிரலிலும், வலது காலின் பெருவிரலிலும் பூசினான். கேட்பது, செய்வது, நடப்பது மூன்றும் கர்த்தருக்கு உரியவை என்று பெரியவர்கள் சொல்லும் பொருள் பொருத்தமானதே. ஆனால் அதே மூன்று இடங்கள் 14ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வருகின்றன. அங்கே நிற்பவன் நோய் நீங்கிய குஷ்டரோகி. அவன் உள்ளே வரக்கூடாதவன் என்பதால் ஆசாரியனே முதலில் பாளயத்துக்கு வெளியே புறப்பட்டுப் போய் அவனைப் பார்க்கிறான். எட்டாம் நாள், குற்றநிவாரண பலியின் இரத்தம் அவன் காது மடலிலும் கட்டைவிரலிலும் பெருவிரலிலும் பூசப்படுகிறது. அதோடு முடியவில்லை. ஆசாரியன் தன் இடது உள்ளங்கையில் எண்ணெய் வார்த்து, இரத்தம் பூசிய அதே இடங்களில் அதன்மேல் எண்ணெயும் பூசி, மீந்ததை அவன் தலையில் தடவுகிறான். ஆரோனின் தலையில் அபிஷேக தைலம் வார்க்கப்பட்டது உண்டு. ஆனால் அந்த மூன்று இடங்களில் அவன் பெற்றதாகச் சொல்லப்படுவது இரத்தம் மட்டுமே. நேற்றுவரை வெளியே கிடந்தவனுக்கு ஒரு பூச்சு அதிகம்.

இதைவிட நுட்பமானது ஏழைக்கான சலுகை. வசதியுள்ளவன் மூன்று ஆட்டுக்குட்டிகள் கொண்டுவர வேண்டும். இல்லாதவனுக்கு ஒன்று போதும், மற்றவற்றுக்குப் பதில் இரண்டு காட்டுப்புறாக்களோ புறாக்குஞ்சுகளோ. மாவும் பத்தில் மூன்று பங்கிலிருந்து ஒரு பங்காகக் குறைகிறது. குறையாதவை இரண்டு: குற்றநிவாரண பலிக்கான அந்த ஒரு குட்டியும், ஆழாக்கு எண்ணெயும். அவன் உடம்பைத் தொடப்போவது அவை இரண்டும்தான். பலிபீடத்துக்குப் போவதில் தள்ளுபடி உண்டு, அவன் காதுக்கும் கைக்கும் காலுக்கும் வருவதில் கிடையாது. சட்டம் எழுதிய கையின் மென்மை எனக்கு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கிய கையோடு, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி, மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்று அனுப்புகிறார். யாரிடமும் சொல்லாதே என்றும் கண்டிப்பாகச் சொல்கிறார். அவனோ போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறான். கலிலேயாவிலிருந்து எருசலேம் ஆலயத்துக்குச் சில நாள் நடை. அவன் அந்த வழி நடந்தானா என்று மாற்கு எழுதவில்லை. நடந்திருக்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன். ஆரோனுக்குப் பூசிய இடங்களில் தனக்கும் பூசப்படுவதை அவன் உணர்ந்திருக்க வேண்டும்.