வேகத்தை 20% குறைத்தால் மின்சாரம் பாதி மிச்சமா?

எரிசக்தித் தணிக்கை அறிக்கைகளை வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் ஒரே பரிந்துரை திரும்பத் திரும்ப வரும். மோட்டாருக்கு வி.எஃப்.டி. பொருத்துங்கள், வேகத்தை 20 சதவீதம் குறையுங்கள், மின் நுகர்வு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். கீழே ஒரு அட்டவணை, போட்ட காசு இத்தனை மாதத்தில் திரும்பும் என்று ஒரு வரி. முடிந்தது.

இதற்குப் பின்னால் இருப்பது பம்புகளின் ஒப்புமை விதிகள். வேகத்தோடு நீரோட்டம் நேர்விகிதத்தில் குறையும், ஹெட் வேகத்தின் இருமடிப்படி குறையும், மின் தேவை மும்மடிப்படி குறையும். 0.8 × 0.8 × 0.8 = 0.512. ஆக 49 சதவீதம் மிச்சம். பெருக்கலில் தவறு இல்லை, விதியிலும் தவறு இல்லை. விதியை எந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

இந்த விதி பம்பைப் பற்றியது. பம்போடு சேர்ந்த குழாய், தொட்டி, கிணறு எதையும் அதற்குத் தெரியாது. எதிர்ப்பு முழுக்க உராய்வாக மட்டும் இருக்கிற அமைப்பில், அதாவது காற்றுக்குழாயில் ஓடும் ஃபேன், மூடிய வளையத்தில் சுற்றிவரும் குளிர்நீர் போன்றவற்றில், அது ஏறக்குறைய அப்படியே பலிக்கும். தண்ணீரை உயரத்துக்கு ஏற்ற வேண்டிய இடத்தில் பலிக்காது. மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறதே என்று மேல்நிலைத் தொட்டி கீழே இறங்கி வராது, இல்லையா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொட்டி 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முழு ஓட்டத்தில் குழாய் உராய்வு 5 மீட்டர். மொத்தம் 25 மீட்டர் ஹெட். வால்வை மூடிவைத்து ஓட்டினால் இந்தப் பம்பு 32 மீட்டர் வரை தள்ளும் என்று வைத்துக்கொள்வோம், சாதாரணப் பம்புதான். இப்போது வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அந்த 32 மீட்டர் 20.48 மீட்டராகச் சுருங்கும். தொட்டிக்கே 20 மீட்டர் போய்விட்டது. கையில் மிஞ்சுவது அரை மீட்டர்கூட இல்லை. பம்பின் வளைகோட்டையும் குழாயின் வளைகோட்டையும் வெட்டவிட்டுப் பார்த்தால் நீரோட்டம் பழையதில் ஐந்தில் ஒரு பங்கு! அறிக்கை எதிர்பார்த்தது 80 சதவீதம், வருவது 20 சதவீதம். வேகத்தை இன்னும் ஒரு சதவீதம் குறைத்து 79 ஆக்கினால் சொட்டுகூட மேலே போகாது. மோட்டார் சுற்றும், தண்ணீர் சூடாகும்.

மின்சாரம் குறைந்ததே என்று கேட்கலாம். குறைந்தது, தண்ணீர் அதைவிட அதிகமாகக் குறைந்தது. பம்பு தன் நல்ல இடத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதால் அதன் பயனுறுதிறனும் விழும். 70 சதவீதத்திலிருந்து 30க்கு வந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டருக்கு ஆகும் மின்சாரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மிச்சப்படுத்தக் கிளம்பிய இடம் எது, வந்து சேர்ந்த இடம் எது பாருங்க.

வி.எஃப்.டி. வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இதே அமைப்பில் பாதி ஓட்டம் போதும் என்றால், வால்வைத் திருகிக் குறைக்கும்போது பம்பு 30 மீட்டர் ஹெட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். வேகத்தை 85 சதவீதமாக வைத்தால் 21 மீட்டர் சொச்சத்தில் அதே பாதி ஓட்டம் கிடைக்கும். நல்ல மிச்சம்தான், மறுக்க முடியாது. ஆனால் அது மும்மடி விதி சொல்லும் மிச்சம் அல்ல. வால்வே இல்லாமல், தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும் வீடுகளோடு ஒப்பிட்டால் ஹெட்டில் மிச்சம் 25க்கும் 21க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அதிலும் ஒரு பகுதியை வி.எஃப்.டி.யின் சொந்த இழப்பும் பம்பின் திறன்குறைவும் தின்றுவிடும். நான் பார்த்த எக்ஸெல் தாள்கள் பலவற்றில் நிலை உயரத்துக்கு ஒரு கட்டமே கிடையாது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதற்கும் கிடையாது.

சூரிய பம்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் கண்ணால் தெரியும். காலையில் இளவெயில் பட்டதுமே மோட்டார் சுற்ற ஆரம்பித்துவிடும், ஆனால் குழாயில் தண்ணீர் வராது. வெயில் ஏறி வேகம் ஒரு எல்லையைத் தாண்டியதும்தான் கொட்டும். "பாதி வெயிலுக்குப் பாதித் தண்ணீர்" என்று கணக்குப் போட்டு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என எழுதித் தருகிறவர்கள், அந்தக் காலை நேரத்தையும் மாலை நேரத்தையும் தண்ணீராக எண்ணிவிடுகிறார்கள். கோடையில் கிணற்று மட்டம் இறங்கினால் அந்த எல்லை இன்னும் மேலே போகும். தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற மாதங்களில்தான் கணக்கு அதிகமாகப் பொய்க்கிறது.

இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று "பயனுறுதிறன்" என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. (இடையில் ஒரு பேச்சு. நம் பாடநூல்களில் திறன் என்றால் ஒரு நொடியில் செய்யும் வேலை. பேச்சிலும் செய்தித்தாளிலும் திறன் என்றால் சாமர்த்தியம், பயனுறுதிறன், எல்லாமே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒன்றை வலு என்றும் மற்றதை வினைத்திறன் என்றும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எனக்கு அது பிடிக்கும்.) பம்பின் பயனுறுதிறன் என்றால், உள்ளே போன மின்சாரத்தில் எவ்வளவு பங்கு தண்ணீருக்கு ஹெட்டாகப் போய்ச் சேர்ந்தது என்பது. அந்த ஹெட் எதற்குச் செலவானது என்று இந்த வரையறை கேட்பதே இல்லை.

ஒரு தோட்டத்துக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டத்திலிருந்து வாய்க்கால் வரை 20 மீட்டர் உயரம், 100 மீட்டர் குழாய், உள்விட்டம் 50 மில்லிமீட்டர், நொடிக்கு 5 லிட்டர். உராய்வுக் குணகம் 0.02 என்று வைத்தால் குழாயில் மட்டும் 13 மீட்டர் ஹெட் போகிறது. ஆக, பம்பு கொடுப்பது 33 மீட்டர். மோட்டார் 4.5 கிலோவாட் இழுத்தால் பம்புசெட்டின் பயனுறுதிறன் 36 சதவீதம். ஆனால் விவசாயிக்கு வேண்டியது 20 மீட்டர் ஏறிய தண்ணீர். அதைக் கொண்டு கணக்குப் போட்டால் 22 சதவீதம். இடையில் உள்ள வித்தியாசம் குறுகிய குழாயைச் சூடாக்கிய மின்சாரம். பம்பின் கணக்கில் அது "பயன்" பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது!

இப்போது அதே ஓட்டத்துக்குக் குழாயை மட்டும் 63 மில்லிமீட்டர் ஆக்குங்கள். உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் போகும். 13 மீட்டர் நான்கு மீட்டர் சொச்சமாக விழும். பம்பு கொடுக்க வேண்டிய ஹெட் 24 மீட்டர். தண்ணீருக்குத் தரவேண்டிய ஆற்றலில் 27 சதவீதம் குறைவு. பம்பை மாற்றி 36 சதவீதத்தை 40 ஆக்கினால் கிடைப்பது 10 சதவீதம். ஆனால் நட்சத்திரக் குறியீடு பம்புக்கு உண்டு, குழாய்க்குக் கிடையாது. அடைத்துக்கிடக்கும் ஃபுட் வால்வுக்கும் கிடையாது, தேவையில்லாமல் போட்ட இரண்டு பெண்டுக்கும் கிடையாது. குறியீடு என்பது ஒரு கடைப்பொருளுக்குத்தான் ஒட்ட முடியும். அதனால் நம் ஆய்வும் கடைப்பொருளோடு நின்றுவிடுகிறது.

சரி, குழாயை மாற்றிவிட்டோம். மின்சாரம் மிச்சமா? இங்கேதான் நான் மேலே போட்ட கணக்கையும் சந்தேகிக்க வேண்டும். "அதே ஓட்டத்துக்கு" என்று சொன்னேன். எதிர்ப்பு குறைந்ததும் எந்தப் பம்பும் அதே ஓட்டத்தில் நிற்காது, அதிகமாகக் கொட்டும். சாதாரண மையவிலக்குப் பம்புகளில் ஓட்டம் கூடினால் மோட்டார் இழுக்கும் மின்சாரமும் கூடும். வயலுக்கு வேண்டிய தண்ணீர் சீக்கிரம் கிடைத்துவிடும், சீக்கிரம் நிறுத்தினால் மிச்சம். யார் நிறுத்துவது? மூணு ஃபேஸ் கரண்ட் எப்போ வரும் என்று தெரியாத ஊரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார் விவசாயி. கரண்ட் இருக்கும்வரை ஓடும். அப்போது மாற்றத்தின் விளைவு மின்மிச்சம் அல்ல, கூடுதல் நிலத்தடி நீர் வெளியேற்றம். நிலக்கரி விஷயத்தில் ஜெவோன்ஸ் 1865ல் எழுதியது இதைத்தான். இயந்திரம் சிக்கனமானதும் பயன்பாடு பெருகியது.

விவசாயியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் செய்வது சரி. மின்மிச்சத்தைக் கிலோவாட்டில் கணக்கிட்டு, அதை ஓடும் மணிநேரத்தால் பெருக்கி, அந்த மணிநேரம் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான் என்று அல்லது தானாகவே குறையும் என்று தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்கிற மாதிரியைத்தான் குறை சொல்கிறேன். இத்தனைக்கும் கிணற்றடியில் அளப்பது பெரிய வேலை இல்லை. 200 லிட்டர் டிரம் 40 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 5 லிட்டர். கூடவே மின்சாரத்தையும் நீர்மட்டத்தையும் அளந்தால் ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். மேலே சொன்ன கிணற்றுக்கு அது 4000 லிட்டர். இழப்பே இல்லாவிட்டால் 18,000க்கு மேல்.

கொதிகலன்களிலும் இதே நோய்தான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீத்தேனின் மொத்த வெப்பமதிப்பு கிலோவுக்கு 55.5 மெகாஜூல், நிகர மதிப்பு 50. எதை வகுக்கும் எண்ணாக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே கொதிகலன் 98 சதவீதமாகவும் தெரியும், 88 சதவீதமாகவும் தெரியும். ஐரோப்பிய விளம்பரங்களில் நூற்றைத் தாண்டிய கொதிகலன்கள் வந்ததும் இப்படித்தான். தணிக்கையில் பலரும் விரும்பும் மறைமுக முறையில் புகைபோக்கி இழப்பு, ஈரப்பத இழப்பு என்று ஒவ்வொன்றாக நூறிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். பட்டியலில் உள்ளதைத் துல்லியமாக அளக்கும் முறை, சந்தேகமில்லை. பட்டியலில் இல்லாத இழப்பெல்லாம் பயனாகிவிடுகிறது. ஒழுகும் நீராவிப் பொறி கொதிகலனுக்கு வெளியே இருப்பதால் அது யார் கணக்கிலும் இல்லை.

மறுபடி பம்புக்கே வருகிறேன், ஏன்னா அங்கே இது பொறியியலோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 1990லிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லை. எவ்வளவு போனது என்பதை மாதிரி அளவீடுகளிலிருந்து மதிப்பிடுகிறார்கள். மீட்டர் வைத்து விற்ற மின்சாரம் தெரிந்த எண். அனுப்பிய மொத்தம் தெரிந்த எண். மீதி இரண்டு பங்கு: பம்புசெட்டுக்குப் போனது, கம்பியில் இழந்ததும் திருடப்பட்டதும். முதலாவதைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் இரண்டாவது அதே அளவு குறையும். மொத்தம் எப்படியும் சரியாகவே வரும், எந்தத் தணிக்கையாளருக்கும் உறுத்தாது. புதுப் பம்பு கொடுத்தால் இத்தனை கோடி யூனிட் மிச்சம் என்று அறிவிக்கும்போது அந்த மதிப்பீட்டை இன்னொரு மதிப்பீட்டால் பெருக்குகிறோம். பம்பு எத்தனை மணிநேரம் ஓடியது என்று ஸ்டார்ட்டர் பெட்டியில் குறித்துவைக்கும் ஒரு சின்னக் கருவிகூடப் பெரும்பாலான கிணறுகளில் இல்லாத நிலையில்தான் இந்தப் பெருக்கல் நடக்கிறது.