யாருக்கு எந்த ஆட்டம்?

ஒரு நூலைப் பிறருக்குப் பரிந்துரைப்பவர் முதலில் அவருடைய சுவையை அறிய விரும்புவார். கவிதையில் தோய்ந்தவரிடம் துப்பறியும் கதையை நீட்டமாட்டார். ஆனால் வீடியோ விளையாட்டு என்றதும் நம் இல்லங்களில் எழுவன இரண்டே தீர்ப்புகள். ஒன்று, ‘எல்லாம் கேடு’. மற்றொன்று, ‘தொல்லை தராமல் எதையாவது ஆடட்டும்’. தாயும் தந்தையும் இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றுவிட, பிள்ளை செல்பேசியுடன் தனித்திருக்கும் வீடுகள் காவேரிப்பாக்கம் போன்ற ஊர்களில் உண்டு. அவ்வீடுகளுக்கு இவ்விரு தீர்ப்புகளாலும் பயனில்லை. நூலுக்கும் திரைப்படத்திற்கும் நாம் செய்யும் திறனாய்வை இவ்வாட்டங்களுக்கும் செய்தாக வேண்டும்.

விளையாட்டே வீண் என்போருக்குப் புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே விடை தந்துள்ளார். எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துவிடும். அவ்வாறே ஓய்வறியா உள்ளமும் முறியும் என்று, நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றை எடுத்துக்காட்டி, அளவான விளையாட்டை அவர் நற்பண்போடு சேர்க்கிறார். அளவு மீறினால் அது குற்றமே என்பதையும் அவர் மறக்கவில்லை. எனவே நம் வினா, ‘ஆடலாமா?’ என்பதன்று, ‘எவர் எதை ஆடுவது?’ என்பதே.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கய்வா 1958இல் வெளியிட்ட ‘ஆட்டங்களும் மனிதரும்’ என்னும் நூலில் ஆட்டங்களை நான்காகப் பகுத்தார்: போட்டி, நற்பேறு, பாவனை, கிறுகிறுப்பு. இப்பகுப்பு நமக்குப் புதிதன்று. ஆடுபுலி ஆட்டம் போட்டி, தாயம் நற்பேறு, சொப்பு வைத்துச் சமைப்பது பாவனை, தட்டாமாலை சுற்றுவது கிறுகிறுப்பு. உங்கள் பிள்ளை திண்ணையிலும் தெருவிலும் இவற்றுள் எதை நாடினான் என்று நினைவுகூர்ந்தால், திரையில் எதை நாடுவான் என்பதும் ஓரளவு விளங்கும்.

போட்டியை விரும்புவோருக்குச் சதுரங்கத்தைவிடச் சிறந்ததொன்றைக் கூற இயலாது. 2022இல் சென்னையை அடுத்த மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் பதினெட்டே வயதில் உலகப் பட்டம் வென்றார். கட்டணமோ விளம்பரமோ இல்லாத லிசெஸ் தளத்தில் எவரும் ஆடலாம். ஒழுங்கையே விரும்பி, எதிராளியை விரும்பாத உள்ளங்களுக்கு 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் இன்றும் ஏற்றது.

கிறுகிறுப்பை நாடும் சிறுவர்கள் டெம்பிள் ரன் (2011), சப்வே சர்ஃபர்ஸ் (2012) போன்ற ஓட்ட ஆட்டங்களில் மூழ்குகின்றனர். இவற்றில் இலக்கு என்று ஒன்றில்லை. விழும்வரை ஓட்டம், விழுந்ததும் மறுபடியும் ஓட்டம். இச்சுவையினருக்கு நான் பரிந்துரைப்பது மிதிவண்டியும் ஊஞ்சலுமே.

கய்வாவின் பகுப்பில் ஒரு சுவை விடுபட்டுள்ளது. இணைய ஆட்டக்காரர்களைக் குறித்து 1996இல் எழுதிய ரிச்சர்ட் பார்ட்டில், தோழமைக்காகவே ஆடுவோரைத் தனி வகையாகக் கண்டார். பப்ஜி ஆட்டத்தை நடுவண் அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. மறு ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்தது. அதில் அமரும் சிறுவர் பலரை இழுப்பது துப்பாக்கி அன்று; காதில் ஒலிக்கும் நண்பனின் குரலே. அத்தகையவனிடம் சதுரங்கப் பலகையை நீட்டினால் அவன் அதைத் தண்டனையாகவே கொள்வான். நண்பர்கள் கூடி வீடும் ஊரும் கட்டும் மைன்கிராஃப்ட் (2011) அவனுக்குப் பொருந்தும். மாலையில் திடலில் கால்பந்து அதனினும் பொருந்தும்.

பாவனைச் சுவைக்குத் தமிழரிடமிருந்தே ஒரு நற்படைப்பு வந்துள்ளது. டொராண்டோ நகரின் விசை நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ அது. 1980களின் இறுதியில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கு பிறந்து தமிழை நழுவவிடும் மகன் கவின் ஆகியோரின் கதை. தாய் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்துள்ளது. விடுபட்ட படிகளை ஆடுவோர் ஊகித்து நிரப்ப வேண்டும். கீழ்த்தட்டின் இட்லியை மேல்தட்டு நசுக்காதவாறு தட்டுகளை அடுக்குவதே ஒரு புதிர்! நம் அன்னையர் நாள்தோறும் செய்வதில் எத்தனை அறிவு அடங்கியுள்ளது என்பதை இவ்வாட்டம் சொல்லாமல் சொல்கிறது. சமைத்தல் இங்கே நினைவைக் காத்தலாகிறது.

குறையும் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தோல்வி என்பதே இல்லை. கதையின் போக்கை நாம் மாற்றவும் இயலாது. வெற்றியை நாடுவோருக்கு இது சலிப்பூட்டும். சிறுகதையை விரும்புவோருக்கு இச்சுருக்கமே அழகு. பிரித்தானியாவின் பாஃப்டா 2024இல் இதனைச் சிறந்த அறிமுகப் படைப்பாகத் தெரிவு செய்தது பொருத்தமே.

துயருற்றோர்க்கும் ஓர் ஆட்டம் உண்டு என்றால் வியப்பாயிருக்கும். புற்றுநோயால் 2014இல் ஐந்து வயது மகன் ஜோயலை இழந்த அமெரிக்கப் பெற்றோர், அந்நாள்களின் அனுபவத்தையே 2016இல் ‘தட் டிராகன், கேன்சர்’ என்னும் ஆட்டமாக்கினர். ஓரிடத்தில் குழந்தையின் அழுகையை நிறுத்த நாம் எதைச் செய்தாலும் பயனில்லை; இறுதியில் தந்தை செபிக்க மட்டுமே முடிகிறது. வெல்வதற்கென்றே பிறந்த கலை வடிவம் கையறுநிலையை இவ்வளவு நேர்மையாகச் சொன்னது அரிது. ஆயினும் இதைச் சிறுவர் கையில் தருதல் ஆகாது. ஆறாத புண்ணோடு இருப்பவருக்கும் தயங்கியே தருதல் வேண்டும்.

எஞ்சியது நற்பேறு. தாயக்கட்டை உருட்டுவதில் தீங்கில்லை. பணயம் வைக்கும்போதுதான் குடி கெடுகிறது. தருமனின் கதையைத் தெருக்கூத்தில் கண்டு வளர்ந்த மண் இது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் இயற்றியது. ஆயினும் சூது வேறு வேடத்திலும் வரும்: உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும் ஆட்டங்கள் பல. பெல்ஜியம் 2018இலேயே இவற்றைச் சூதாட்டம் என்று அறிவித்தது. எந்தச் சுவையினருக்கும் இவை ஆகா.

சுவைகள் பலவாயினும் உரைகல் ஒன்றே: முடிந்ததும் இவ்வாட்டம் ஆடியவரை விடுவிக்கிறதா? ‘வெண்பா’ ஒன்றரை மணியில் நம்மை வீட்டு அடுப்படிக்கே அனுப்பிவிடுகிறது. சதுரங்கத்தில் அரசன் வீழ்ந்தால் கைகுலுக்கி எழுகிறோம். காசு கேட்டு, ‘நாளை வராவிட்டால் பரிசு போய்விடும்’ என்று மிரட்டி, நள்ளிரவிலும் அழைப்பது விளையாட்டன்று. அது வில்லைத் தளர்த்துவதற்கு மாறாக மேலும் வளைப்பது. பெற்றோரே, செல்பேசியைப் பறிக்குமுன் பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒரு முறை சேர்ந்து ஆடிப் பாருங்கள். அவன் நாடுவது வெற்றியா, கதையா, தோழமையா என்பது அப்போது தெரியும். பரிந்துரை அதன் பின்னரே தொடங்கட்டும்.