நாஞ்சில் நாட்டின் கதைத் திறனாய்வு

ஆங்கிலச் சிறுகதையைப் பாடமாகப் படிப்பவர்களுக்குக் கலைச்சொற்கள் சீக்கிரம் கைவந்துவிடுகின்றன. நோக்குநிலை, குறியீடு, முரண் என்று தலைப்பிட்டு விடை எழுதிவிடலாம். கதையின் எந்த இடம் அந்த விளைவை உண்டாக்குகிறது என்று கேட்டால்தான் திணறல் வரும். நாஞ்சில் நாட்டில் வளர்ந்த திறனாய்வு மரபு இந்தக் கேள்வியை விடாமல் கேட்டது. வெளியிலிருந்து வந்த பகுப்பாய்வு முறையைத் தன் மண்ணின் கதைகளில் உரசிப் பார்த்ததால்தான் அதற்கு அந்தப் பலம் வந்தது என்பது என் துணிபு.

சிறுகதையின் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கி நகர வேண்டும் என்று எட்கர் ஆலன் போ 1842இல், ஹாதார்ன் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் வற்புறுத்தினார். தமிழில் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, படைப்பைப் பிரித்து அலசும் முறையை ஊன்றினார். க.நா. சுப்ரமண்யத்துக்கு அந்த அலசலில் நம்பிக்கை இல்லை. தேர்ந்த வாசகனின் ரசனையே அவருக்கு அளவுகோல். இலங்கையில் கா. சிவத்தம்பி 1967இல் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' நூலில் கதையைச் சமூக வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தார். இந்த வழிகளெல்லாம் நாஞ்சில் நாட்டில் வந்து கூடின. பேராசிரியர் ஜேசுதாசனும், ஆங்கிலப் பேராசிரியரும் 'புத்தம் வீடு' நாவலாசிரியருமான அவர் மனைவி ஹெப்சிபாவும் சேர்ந்து 1961இல் தமிழிலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார்கள். எம். வேதசகாயகுமார், ராஜமார்த்தாண்டன், அ.கா. பெருமாள் ஆகியோர் ஜேசுதாசனின் மாணவர்கள். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய 'காகங்கள்' கூட்டங்கள் அந்த விவாதத்தைக் கல்லூரிக்கு வெளியே கொண்டுவந்தன.

அளவுகோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு கதையில் வைத்துப் பார்ப்பது மேல். அழகியபாண்டியபுரத்துக்காரரான கிருஷ்ணன் நம்பியின் 'மருமகள் வாக்கு' தேர்தல் கதை. பூனைச் சின்னத்துக்கும் கிளிச் சின்னத்துக்கும் போட்டி. மாமியார் மீனாட்சி அம்மாள் பூனைப் பக்கம். மருமகள் ருக்மிணியின் மனசு கிளியிடம். சாவடி மறைப்புக்குள் தனியாக நிற்கும்போது, கிளியை நோக்கிப் போன கையை மாமியாரே பிடித்துத் திருப்பினாற்போல முத்திரை பூனை மேல் விழுகிறது. வெளியே காத்திருக்கும் பெண்களிடம், தன் ஓட்டு மாமியாருக்கு என்கிறாள். இதோடு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஈவ்லின்' கதையை வைத்துப் படியுங்கள். 1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் இருப்பது. காதலனோடு கப்பலேற வந்த பெண், இறந்துபோன தாய்க்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் கிடக்க, துறைமுகத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்த கையை விட முடியாமல் நின்றுவிடுகிறாள். இரண்டு கதையிலும் முடிவை எடுப்பது கைதான். ஆனால் ஜாய்ஸ் தன் பெண்ணை ஊமையாக்கி முடிக்கிறார்; நம்பி தன் பெண்ணைப் பேச வைக்கிறார். உள்ளே தோற்றவள் வெளியே உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பதில் இல்லையென்றால் இது வெறும் பரிதாபக் கதை.

குடும்ப அதிகாரத்தின் முன் ஜனநாயகம் பொய்த்துப்போவதைக் காட்டும் கதை, அதற்கு மேல் அலசல் எதற்கு என்று சமூகப் பார்வையினர் கேட்கலாம். அந்தக் கருத்து சரிதான், போதாது. வாக்கு ரகசியமானது, அவள் கிளிக்குப் போட்டிருந்தாலும் மாமியாருக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே பயம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. யாரும் பார்க்காத இடத்திலும் கீழ்ப்படியும் அளவுக்கு அதிகாரம் அவள் உடம்புக்குள் புகுந்துவிட்டது. வாக்குச் சாவடிக் காட்சியை வரிவரியாகப் படித்தவருக்கே இது பிடிபடும். சமூக விளக்கமும் அப்போதுதான் கூர்மை பெறும்.

அலசினால் ரசனை செத்துவிடும் என்ற க.நா.சு. தரப்பு அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியரின் நுட்பத்தை வியக்கும் நாமே, எங்கோ கிடக்கும் சொற்களை அவர் 'மாட்டு' என்று கொண்டுவந்து பூட்டும்போது முகம் சுளிக்கிறோம். பூனையும் கிளியும் இன்னின்ன கட்சிகள் என்று உருவகப் பட்டியல் போடுகிறவரும் அதே தவறைச் செய்கிறார். ஆனால் அந்த மிகையைத் திருத்துவதற்கும் கதையின் சொல்தான் சான்று. ரசனை ஒன்றையே நம்பினால், இரண்டு வாசகர்கள் முரண்படும்போது யார் பக்கம் நியாயம் என்று சொல்ல வழியில்லை. பகுப்பாய்வு நமக்கு அந்நியம் என்ற வாதமும் நிற்காது. சொல்லுக்குச் சொல் பொறுப்பேற்ற உரையாசிரியர்கள் நமக்குப் பல நூற்றாண்டு முன்னோடிகள்.

இத்தனை இருந்தும் கல்லூரிகளில் ஜாய்ஸ் ஒரு துறையிலும் நம்பி இன்னொரு துறையிலும் கிடக்கிறார்கள். மீனாட்சி அம்மாளின் பேச்சில் இருக்கும் அதட்டலைச் சொல்லாமலே உணரும் நாஞ்சில் நாட்டு மாணவர், ஈவ்லினை மிரட்டும் தகப்பனை உரைநூல் வழியாக மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இரு கதைகளின் கடைசிப் பத்தியையும் ஒரே வினாத்தாளில் அச்சிட்டு, ஒருத்தி பேசுவதும் மற்றவள் பேசாதிருப்பதும் ஏன் என்று கேட்கலாம். மனப்பாடம் செய்த கலைச்சொல் எதுவும் அந்த விடைக்கு உதவாது.