மன்னா: விளியா, வினாவா?

பாலைவன உணவாகிய 'மன்னா'வைத் தமிழ் விளிச்சொல்லோடு இணைத்து, 'மன்னன் தந்தமையால் மன்னா' என்று விளக்கும் பிரசங்க வழக்கு நம்மிடையே உண்டு. செவிக்கு இனிய இவ்விளக்கம் ஏற்கத்தக்கதா?

தமிழில் 'மன்' நிலைபேற்றையும் வேந்தனையும் உணர்த்தும். எபிரேயத்திலோ, யாத்திராகமம் 16:15-இல் 'மான் ஹூ' என்பது 'இது என்ன?' என்னும் வினாவாக நிற்கிறது. 'மன்னா' என்பது அதன் கிரேக்க வடிவம். அதுவே நம் திருமறையில் வழங்குகிறது. உறவற்ற இரு மொழிகளில் ஒலி ஒத்தமை தற்செயலே. சொல்மூலத்தின்மீது இறையியலைக் கட்டுவதையே ஜேம்ஸ் பார் 1961-இல் கண்டித்தார். வெறும் ஒலியொப்புமையோ அதனினும் மெலிந்த அடித்தளம்.

இதனால் இழப்பு யாது? மரக்காணத்து உப்பளத் தொழிலாளரிடையே இப்பிரசங்கம் நிகழ்வதாகக் கொள்வோம். பாத்தியில் படியும் வெண்மணிகளை வாரிக் குவிப்போர் அவர்கள். மழைக்காலத்தில் உப்பு விளைவதில்லை, கூலியும் இல்லை. 'மன்னன் ஈந்தான்' என்பது அவர்கள் செவியில், பாணர் நாடிச் சென்ற பழைய வேந்தரின் கொடையாகவே ஒலிக்கும். பெறுவோர் கைகட்டி நிற்க வேண்டியதாகும்.

அதிகாரம் கூறுவதோ வேறு. தலைக்கு ஓர் ஓமர் அளவு; மிகுதியாய்ச் சேர்த்தவரிடம் மிச்சமில்லை, சிறிதே சேர்த்தவர்க்குக் குறையுமில்லை; மறுநாளுக்கென வைத்தது புழுத்தது. இப்பகுதியையே பவுல் 2 கொரிந்தியர் 8:15-இல் சபைகளின் சமநிலைக்குச் சான்றாக்குகிறார்.

ஆகவே 'மன்னா' வேந்தனை விளிக்கும் சொல்லன்று. பசித்தோர் எழுப்பிய வினா. அவ்வினாவை நம் சொல்நயம் அடக்கிவிடலாகாது.